பேரலல் நார் ஃபிளாஷ் டிரைவரில் பைட் வரிசைக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம், 16 பிட் அல்லது 32 பிட் பஸ்ஸில் (பிராசசரின் கம்பித் தொகுதியில்) இணைந்த, மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் நார் ஃபிளாஷ் சிப்புகளுக்கு டிரைவர் எழுதுபவர்களுக்கும், ஒரு போர்டிலிருந்து வேறொரு போர்டுக்கு லினக்ஸையோ, அதை ஏற்றித் தொடங்கும் பூட்லோடரான யூ-பூட்டையோ கொண்டு செல்பவர்களுக்கும் உரியது. எஸ்பிஐ, நாண்ட் என்ற மற்ற ஃபிளாஷ் வகைகளைப் பற்றி ஓரிரு கேள்விகள் மட்டும் உள்ளன. கட்டளை, முகவரி, நிலை மதிப்பு, அடையாள மதிப்பு ஆகியவை பதினாறு நிலை எண்களாகத் தரப்பட்டுள்ளன. மற்ற எண்கள் வழக்கமானவை.

கேள்வி: அதே பஸ்ஸில் ராம் ஒழுங்காக வேலை செய்யும்போது ஃபிளாஷ் மட்டும் ஏன் தகராறு செய்கிறது?

ராமுக்கும் பிராசசருக்கும் இடையே டேட்டா கம்பிகள் எந்த வரிசையில் போடப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. எந்தக் கம்பி வழியாக ஒரு பிட் உள்ளே போகிறதோ அதே கம்பி வழியாகத்தான் வெளியே வருகிறது என்பதால், உள்ளே அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஃபிளாஷ் அப்படி வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அன்று. தன்னிடம் எழுதப்படும் சில மதிப்புகளை அது கட்டளையாகப் புரிந்துகொள்கிறது. 16 பிட் சிப்பாக இருந்தாலும் கட்டளையைக் கீழ் எட்டு கம்பிகளில் மட்டுமே அது எதிர்பார்க்கிறது. டிரைவர் அனுப்பிய 0098 சிப்பை அடையும்போது 9800 ஆகிவிட்டால், சிப் அதைப் பொருட்படுத்தாது.

ஆகவே ஃபிளாஷ் டிரைவரில் "பைட் வரிசை" என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது உண்மையில் மூன்று தனித்தனிக் கேள்விகள். கட்டளையும் நிலை மதிப்பும் சிப்பின் எந்தக் கம்பிகளில் போய் வருகின்றன என்பது முதலாவது. கோப்பின் பைட்டுகள் சிப்பின் எந்த இடத்தில் எந்தப் பாதியில் படிகின்றன என்பது இரண்டாவது. அந்தப் பைட்டுகளுக்குள் இருக்கும் 16 பிட், 32 பிட் எண்கள் எந்த முறையில் (பெரிய பைட் முதலில் வரும் பிக் எண்டியனா, சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியனா) எழுதப்பட்டுள்ளன என்பது மூன்றாவது. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரு கேள்விக்கான விடையை இன்னொன்றில் போட்டுப் பார்த்ததால் வந்தவை.

கேள்வி: எழுதினேன், திரும்பப் படித்தேன், இரண்டும் ஒத்துப்போகின்றன. பிறகென்ன?

இந்தச் சோதனையால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காது. எழுதும் வழியில் ஒரு மாற்றமும் படிக்கும் வழியில் அதே மாற்றமும் இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்; சிப்பில் தவறான வரிசையில் இருந்தும் டிரைவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். வேறு வழியாக அதே சிப்பைப் படிக்கும் ஒருவர் வரும்போதுதான் விஷயம் வெளிப்படும். அது மின்சாரம் வந்தவுடன் நேரடியாக ஃபிளாஷிலிருந்து ஓடும் முதல் வரிக் கட்டளையாக இருக்கலாம், பூட்லோடராக இருக்கலாம், பிராசசரின் தலையீடின்றி நினைவகத்தைப் படிக்கும் டிஎம்ஏ ஆக இருக்கலாம், தொழிற்சாலையில் சிப்பில் எழுதித் தரும் புரோகிராமராகவும் இருக்கலாம். எனவே சோதனையில் எழுதுபவரும் படிப்பவரும் வெவ்வேறு வழியில் வர வேண்டும்: யூ-பூட்டில் எழுதி லினக்ஸில் படியுங்கள், லினக்ஸில் எழுதி யூ-பூட்டில் பைட் பைட்டாகப் பாருங்கள்.

கேள்வி: சோதனைக்கு எந்த மதிப்புகளை எழுதுவது?

பலரும் பழக்கத்தால் பயன்படுத்தும் இருநிலை 10100101 (அதாவது 165) இந்த வேலைக்கு மிக மோசமான தேர்வு. அதைப் பின்னிருந்து படித்தாலும் அதேதான். பைட்டுகளை இடம் மாற்றினாலும் அதேதான். "12345678" என்ற எழுத்துச் சரத்தை எழுதுங்கள். அது "21436587" என்று தெரிந்தால் ஒவ்வொரு 16 பிட் சொல்லுக்குள்ளும் பைட்டுகள் மாறியுள்ளன. "43218765" என்றால் 32 பிட்டுக்குள் முழுத் திருப்பம். "34127856" என்றால் பைட்டுகள் சரி, இரண்டு அரைச்சொற்கள் இடம் மாறியுள்ளன. இது பெரும்பாலும் பஸ் கன்ட்ரோலர் 32 பிட் அணுகலை இரண்டு 16 பிட் அணுகலாகப் பிரிக்கும் முறையால் வருகிறது.

கேள்வி: டிரைவர் சிப்பையே கண்டுபிடிக்கவில்லை. எங்கே தொடங்குவது?

டிரைவரை ஒதுக்கி வைத்துவிட்டு, பூட்லோடரின் நினைவகக் கட்டளைகளால் கையாலேயே கேட்டுப் பாருங்கள். அந்தப் பூட்லோடர் அப்போது ராமிலிருந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தன்னைப் பற்றிய விவரங்களைத் தரும் கேள்வி நிலையில் உள்ள ஃபிளாஷிலிருந்து நிரலைப் படிக்க முடியாது.

சிஎஃப்ஐ எனப்படும் பொது ஃபிளாஷ் இடைமுகத்தை ஜெடெக் அமைப்பு ஜேஇஎஸ்டி68 என்ற எண்ணில் தரப்படுத்தியுள்ளது. அதன்படி சிப்பின் 55 ஆம் முகவரியில் 98 என்று எழுதினால், 10, 11, 12 ஆம் முகவரிகளில் 51, 52, 59 என்ற மூன்று மதிப்புகள் வர வேண்டும்; அவை கியூ, ஆர், ஒய் என்ற எழுத்துகளின் ஆஸ்கி எண்கள். இவை சிப்பின் பார்வையிலான முகவரிகள் என்பதை மறக்க வேண்டாம். 16 பிட் பஸ்ஸில் பிராசசரின் பைட் முகவரி இதைப் போல இரு மடங்கு. ஆகவே 10 ஆம் இடத்தை 20 இல் தேட வேண்டும்.

0098 எழுதி 0051 வந்தால் கட்டளைப் பாதை நேராக உள்ளது. அதற்கு விடை வராமல், 9800 எழுதும்போது 5100 வந்தால், இரண்டு பைட்டுகளும் இடம் மாறிச் செல்கின்றன. இரண்டு 16 பிட் சிப்புகள் அருகருகே 32 பிட் பஸ்ஸில் இருந்தால் 00980098 எழுத வேண்டும். விடையும் 00510051 என்று இரட்டையாக வரும். ஒற்றைச் சிப்புக்கு மட்டும் கட்டளை போய், மற்றது பழைய தரவையே காட்டினால் அது எண்டியன் கோளாறு அன்று. சிப்பின் அகலமும் பஸ்ஸின் அகலமும் தவறாகச் சொல்லப்பட்டுள்ளன.

இவை எதற்கும் பதில் வராதபோது ஸ்கீமாட்டிக்கைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. பவர்பிசி ஆவணங்கள் மிகப் பெரிய மதிப்புடைய பிட்டை 0 என்று எண்ணுகின்றன. ஃபிளாஷ் ஆவணங்களோ மிகச் சிறியதை 0 என்கின்றன. இரு பக்கமும் ஒரே எண்ணைப் பார்த்து 0 ஐ 0 உடன் இணைத்துவிட்ட போர்டில் பிட்டுகள் முழுமையாகத் தலைகீழாகப் போகும். அந்நிலையில் 16 பிட் பஸ்ஸில் 1900 எழுதினால்தான் சிப்புக்கு 0098 போய்ச் சேரும். திரும்பி வரும் மதிப்பின் மேல் பைட் இருநிலையில் 10001010 என்று இருக்கும், அது 51 இன் கண்ணாடிப் பிம்பம். 0019 எழுதும்போது விடை வந்தால் ஒவ்வொரு பைட்டுக்குள்ளும் பிட்டுகள் திரும்பியுள்ளன என்று பொருள். போர்டை மாற்ற முடியாதென்றால், கட்டளைகளுக்கும் நிலை மதிப்புகளுக்கும் பிட் திருப்பும் அட்டவணை ஒன்றை டிரைவரில் வைக்க வேண்டியதுதான். தரவைத் திருப்ப வேண்டுமா என்பது, சிப் போர்டில் பொருத்தப்படும் முன் வெளியே எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்தது.

கேள்வி: சிப் கண்டுபிடிக்கப்பட்டது, மொத்த அளவும் சரி, ஆனால் அழிக்கும் பிளாக்குகளின் எண்ணிக்கை அபத்தமாக வருகிறது. ஏன்?

சிஎஃப்ஐ அட்டவணையில் மொத்த அளவு இரண்டின் அடுக்காக ஒரே பைட்டில் இருப்பதால் அதற்குப் பைட் வரிசை இல்லை. பிளாக் எண்ணிக்கையும் பிளாக் அளவும் இரண்டிரண்டு பைட்டுகள், சிறிய பைட் முதலில். பிக் எண்டியன் பிராசசரில் அந்த அட்டவணையை அப்படியே ஒரு ஸ்ட்ரக்ட் மீது போர்த்திப் படித்தால், 64 கிலோபைட் அளவுள்ள 256 பிளாக்குகள் கொண்ட சிப், 256 பைட் அளவுள்ள 65281 பிளாக்குகளாகத் தெரியும். 13 ஆம் இடத்தில் தொடங்கும் கட்டளைத் தொகுதி எண்ணும் (சிப் ஏஎம்டி வகைக் கட்டளைகளை ஏற்கிறதா இன்டெல் வகையையா என்பதைச் சொல்வது) இப்படியே 0002 என்பது 0200 ஆகி, அடையாளம் தெரியாத சிப் என்ற செய்தியைத் தரும். இரண்டு பைட்டுகளைத் தனித்தனியே படித்து, இரண்டாவதை எட்டு பிட் இடப்பக்கம் நகர்த்திச் சேர்த்தால் எந்தப் பிராசசரிலும் சரியாக வரும்.

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் ஃபிளாஷைக் கையாளும் பகுதியான எம்டிடியின் அமைப்பில் பைட் மாற்றம் குறித்த மூன்று தேர்வுகளில் எதை எடுப்பது?

மாற்றம் வேண்டாம், பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற அந்த மூன்றும் கட்டளைகளையும் சிஎஃப்ஐ மதிப்புகளையும் மட்டுமே தொடுகின்றன. கோப்பின் தரவை அவை தொடுவதில்லை. "தரவு மாறி வருகிறது, ஆகவே இந்தத் தேர்வை மாற்றிப் பார்க்கிறேன்" என்று முயல்வதால் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட சிப்பும் காணாமல் போகும், அவ்வளவுதான். கையால் கேட்டபோது 0098 க்கே பதில் வந்தது, எம்டிடிக்கும் பஸ்ஸுக்கும் இடையே நிற்கும் மேப் டிரைவரும் மதிப்புகளை மாற்றாமல் அனுப்புகிறது என்றால், மாற்றம் வேண்டாம் என்பதே சரி. லிட்டில் எண்டியன் பிராசசரில் லிட்டில் எண்டியன் தேர்வு எதையும் செய்யாது என்பதையும் கவனியுங்கள். பல வகைச் சிப்புகள் ஒரே கெர்னலில் ஓட வேண்டியிருந்தால், கெர்னல் அமைப்பில் வைப்பதைவிட போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அந்தந்த ஃபிளாஷ் முனையில் எண்டியன் பண்பைக் குறிப்பது நல்லது.

கேள்வி: 16 பிட் படிக்கவும் எழுதவும் உள்ள ரீட்-டபிள்யூ, ரைட்-டபிள்யூ சார்புகளைப் பயன்படுத்தலாமா?

லினக்ஸில் அவை எதிரில் இருக்கும் சாதனம் லிட்டில் எண்டியன் என்று வைத்துக்கொள்பவை. பிக் எண்டியன் பிராசசரில் ஓடும்போது தாமாகவே பைட்டுகளை மாற்றிவிடும். ஃபிளாஷின் தரவு பைட்டுகளின் ஓடையே ஒழிய ரெஜிஸ்டர் அன்று. அதனால்தான் எம்டிடியின் பொதுவான அணுகல், "ரா" என்ற முன்னொட்டுள்ள, எதையும் மாற்றாத வடிவங்களைப் பயன்படுத்துகிறது. அந்த வடிவங்களில், அணுகல்கள் முன்பின் மாறாமல் அவற்றின் வரிசையைக் காக்கும் பேரியரும் இல்லை. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, கட்டளைக்கும் அதை அடுத்த நிலைப் படிப்புக்கும் இடையே பேரியரை நீங்களே போட வேண்டும். இல்லாவிட்டால் பைட் வரிசைக் கோளாறு தீர்ந்து, எப்போதாவது மட்டும் வரும் வேறொரு கோளாறு குடியேறும். அது இதைவிடக் கொடியது.

கேள்வி: டேட்டாவையும் கட்டளையையும் வெவ்வேறாக நடத்த வேண்டிய உண்மையான போர்டு ஏதேனும் உண்டா?

இன்டெலின் ஐஎக்ஸ்பி4எக்ஸ்எக்ஸ் பிராசசர் வரிசைதான் இதற்குப் பாடப்புத்தகம். 2004 இல் வந்த லிங்க்ஸிஸ் என்எஸ்எல்யூ2 என்ற சிறிய சேமிப்பகப் பெட்டியில் ஐஎக்ஸ்பி420 பிராசசரும் 8 மெகாபைட் ஃபிளாஷும் இருந்தன. அதன் பூட்லோடரான ரெட்பூட்டும் நிறுவனம் தந்த மென்பொருளும் பிக் எண்டியனில் ஓடின. பின்னர் ஆர்வலர்கள் அதே பெட்டியில் டெபியன் லினக்ஸை லிட்டில் எண்டியனில் ஓட்டினார்கள். ஆக, ஒரே ஃபிளாஷை இரு முறையிலும் படிக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பிராசசர் லிட்டில் எண்டியன் நிலையில் இருக்கும்போது, விரிவாக்க பஸ்ஸில் 32 பிட் சொல்லின் மதிப்பு மாறாதபடி முகவரிக் கம்பிகளைத் திருகிவிடுகிறது. அதனால் 16 பிட் அணுகல் போக நினைத்த இடத்துக்குப் பக்கத்து அரைச்சொல்லில் போய் நிற்கும். லினக்ஸின் மேப் டிரைவர், முகவரியை 2 உடன் எக்ஸ்ஓஆர் செய்து இந்தத் திருகலை அவிழ்க்கிறது. அது போதாது: பைட் ஓடையின் முதல் பைட் சிப்பின் மேல் எட்டு கம்பிகளிலும், இரண்டாவது கீழ் எட்டிலும் இருக்கும்படியே தரவு எழுதப்பட்டுள்ளதால், லிட்டில் எண்டியனில் ஒவ்வொரு 16 பிட் சொல்லையும் பைட் மாற்ற வேண்டும். டிரைவர் அதையும் செய்கிறது. செய்தவுடன் கட்டளைகள் கெட்டுவிடுகின்றன, ஏனென்றால் கட்டளைகள் எப்போதும் கீழ் எட்டு கம்பிகளில்தான் போக வேண்டும். எனவேதான் இங்கே சிஎஃப்ஐ மாற்றத் தேர்வைப் பிக் எண்டியன் என்று வைக்க வேண்டியுள்ளது: மேப் அடுக்கு மாற்றியதைக் கட்டளைக்கு மட்டும் அது முன்கூட்டியே மாற்றி ஈடுசெய்கிறது. லிட்டில் எண்டியன் கெர்னலில் பிக் எண்டியன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தவறு என எண்ணித் "திருத்த" வேண்டாம்.

ஃபிளாஷின் எந்தப் பகுதியில் என்ன உள்ளது என்று சொல்லும் ரெட்பூட்டின் பகிர்வு அட்டவணையிலும் இதே கதை தொடர்கிறது. லினக்ஸ் அதைப் படிக்கும்போது, அட்டவணைக்கான பதிவில் உள்ள அளவைத் திருப்பிப் பார்த்து, அது அழிக்கும் பிளாக்கின் அளவுக்குச் சமமாக இருந்தால், அட்டவணை எதிர் எண்டியனில் எழுதப்பட்டது என்று முடிவு செய்கிறது. பிறகு 32 பிட் எண்களை மட்டும் திருப்புகிறது. பெயர் எழுத்துச் சரம் என்பதால் அதைத் தொடுவதில்லை. அட்டவணையை மொத்தமாகத் திருப்பாமல் புலம் புலமாகத் திருப்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

கேள்வி: அழித்தல் நடக்கிறது, ஒரு சொல் எழுதுவதும் நடக்கிறது, பல சொற்களைச் சேர்த்து பஃபர் வழியாக எழுதினால் தோல்வி. என்ன காரணம்?

பஃபர் எழுத்தில், ஏஎம்டி வகையில் 25 என்ற கட்டளைக்குப் பிறகு, எத்தனை சொற்கள் வரப்போகின்றன என்பதில் ஒன்று குறைத்து எழுத வேண்டும், பிறகு தரவு, இறுதியில் 29. நடுவில் வரும் அந்த எண்ணிக்கை பார்ப்பதற்குத் தரவு போலத் தெரிந்தாலும் சிப்புக்கு அது கட்டளையே. அதைத் தரவுப் பாதையில் அனுப்பிய டிரைவரில், பைட் மாற்றம் தேவைப்படும் போர்டில் மட்டும் எண்ணிக்கை தவறிப்போகும்.

இன்டெல் வகையில் இன்னொரு பொறி நிலை ரெஜிஸ்டர். தயார் என்பதற்கு 80 என்ற பிட்டைப் பார்க்கும் டிரைவர், அது 8000 ஆக வரும் போர்டில் நேர வரம்பு தீரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். இரண்டு தொடர்ச்சியான படிப்புகள் ஒன்றா என்று ஒப்பிடும் ஏஎம்டி முறைக்கு எண்டியன் ஒரு பொருட்டே இல்லை. அதனாலேயே "அந்தச் சிப்பில் ஓடுகிறது, இந்தச் சிப்பில் ஓடவில்லை" என்ற புகார் வருகிறது.

ஒற்றைப்படை நீளமுள்ள கோப்பின் கடைசிப் பைட்டையும் தனியே சோதியுங்கள். 16 பிட் சொல்லில் ஒரே பைட்டை எழுதும்போது மற்ற பாதி முழுவதும் 1 ஆக நிரப்பப்பட வேண்டும். எந்தப் பாதி என்பது பிராசசரின் எண்டியனைப் பொறுத்தது. இரட்டைப்படை நீளத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது தெரிய வருவதே இல்லை.

கேள்வி: ஃபிளாஷுக்கான கோப்பு முறைமையான ஜேஎஃப்எஃப்எஸ்2 "மேஜிக் பின்புறமாக உள்ளது, தவறான எண்டியனா?" என்று கேட்கிறது. டிரைவர்தான் காரணமா?

இந்தச் செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதன் மேஜிக், அதாவது அடையாள மதிப்பு, 1985. 8519 என்று வந்தால் அந்தச் செய்தி எழும். ஃபிளாஷில் எழுதும் இமேஜ் கோப்பு எதிர் எண்டியனில் தயாரிக்கப்பட்டிருந்தாலும் 8519 தான் வரும். தரவுப் பாதை 16 பிட் சொற்களைத் திருப்பினாலும் 8519 தான் வரும். பிரித்தறிய எளிய வழி உண்டு: அதே பகுதியில் உள்ள கோப்புப் பெயர்களைப் படியுங்கள். பெயர்கள் ஒழுங்காக இருந்தால் பாதை சரி, இமேஜைச் சரியான எண்டியன் தேர்வுடன் மறுபடி உருவாக்குங்கள். எழுத்துகள் ஜோடி ஜோடியாக மாறியிருந்தால் இமேஜைத் தொடாதீர்கள், குற்றவாளி டிரைவர்.

ஃபிளாஷ் பிளாக்குகளை நிர்வகிக்கும் அடுக்கான யுபிஐயின் தலைப்புகள் எந்தப் பிராசசரிலும் பிக் எண்டியன், கோப்பு முறைமைகளில் யுபிஐஎஃப்எஸ் எந்தப் பிராசசரிலும் லிட்டில் எண்டியன், ஸ்குவாஷ்எஃப்எஸ் 4.0 முதல் லிட்டில் எண்டியன் மட்டுமே. இவற்றில் அடையாளம் ஒத்துப்போகாவிட்டால் இமேஜின் எண்டியன் தேர்வைத் தேட வேண்டியதில்லை, அப்படியொன்று கிடையாது. 55 42 49 23 என்று தொடங்க வேண்டிய யுபிஐ பிளாக் 42 55 23 49 என்று தொடங்கினால் பாதையைப் பாருங்கள்.

கேள்வி: பிசியில் கோப்பின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையால் பார்த்தாலே இமேஜ் மாறித் தெரிகிறதே?

விருப்பம் எதுவும் தராமல் ஓட்டினால் ஹெக்ஸ்டம்ப் 16 பிட் சொற்களாக, அந்தப் பிசியின் எண்டியனில் காட்டும். 27 05 19 56 என்று தொடங்கும் யூ-பூட் இமேஜ் 0527 5619 என்று தெரியும்; கோப்பில் எந்தத் தவறும் இல்லை. பைட் வாரியாகக் காட்டும் பெரிய சி விருப்பத்தைத் தாருங்கள்.

கேள்வி: வெளி புரோகிராமருக்குக் கொடுக்கும் கோப்பை யார் திருப்ப வேண்டும்?

இமேஜ் கட்டும் ஸ்கிரிப்ட். டிடி கட்டளையின் ஸ்வாப் மாற்றமோ, ஆப்ஜ்காப்பியின் பைட் திருப்பும் விருப்பமோ போதும். புரோகிராமர் மென்பொருளில் இருக்கும் தேர்வுப்பெட்டியை நம்பினால், அந்தக் கணினி மாறும் நாளில் எல்லாப் போர்டுகளும் ஊமையாகிவிடும்.

கேள்வி: எஸ்பிஐ ஃபிளாஷுக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே?

ஒற்றைக் கம்பியில் பைட்டுகள் வரிசையாக வருவதால் சிப்பின் பக்கம் பொதுவாக இல்லை. கன்ட்ரோலரின் பக்கம் உண்டு. 32 பிட் பைஃபோவிலிருந்து (வந்த வரிசையிலேயே தரவைத் தரும் தற்காலிகச் சேமிப்பிலிருந்து) 32 பிட் படிக்கும் ரீட்-எல் சார்பைச் சுழலில் அழைத்துப் படித்தால் பிக் எண்டியனில் ஒவ்வொரு நான்கு பைட்டும் திரும்பும். ஓடையாகப் படிப்பதற்கென்றே உள்ள, மாற்றம் செய்யாத தொடர் படிப்புச் சார்புகளைப் பயன்படுத்த வேண்டும். நாண்ட் கன்ட்ரோலர்களுக்கும் இதுவே பொருந்தும்.

எட்டு கம்பிகளில், கடிகாரத்தின் இரு விளிம்பிலும் தரவு அனுப்பும் ஆக்டல் முறையில் மட்டும் சிப்பே பைட்டுகளை மாற்றும் சந்தர்ப்பம் உண்டு. மேக்ரானிக்ஸின் சில சிப்புகளில், ஒற்றைக் கம்பி முறையில் எழுதிய ஒவ்வொரு இரண்டு பைட்டும் ஆக்டல் முறையில் இடம் மாறி வரும். ஆக்டலில் எழுதி ஆக்டலில் படித்தால் குறை தெரியாது. ஒற்றைக் கம்பியில் தொடங்கும் பூட் ரோம் படிக்கும்போது போர்டு எழாது. சிப் இப்படிப்பட்டதா என்பதை அது தன் விவரங்களை வைத்திருக்கும் எஸ்எஃப்டிபி அட்டவணையின் 18 ஆம் சொல்லில் உள்ள 31 ஆம் பிட் சொல்லிவிடும்.

கேள்வி: தவறான வரிசையில் எழுதும் டிரைவருடன் சாதனங்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. எப்படித் திருத்துவது?

டிரைவரை மட்டும் திருத்தி அனுப்பினால், பழைய டிரைவர் எழுதிய அனைத்தும் புதியதற்குக் குப்பையாகத் தெரியும். முதலில் எந்தப் பகுதியை யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். பூட்லோடர் மட்டும் தொடும் பகுதியில் கை வைக்காதீர்கள். யூ-பூட்டின் சூழல் மாறிகள் பகுதியில் தனிக் கவனம் வேண்டும்: அதன் தொடக்கத்தில் பிழை கண்டறியும் கூட்டுத்தொகையான சிஆர்சி32 உள்ளது, அது பொருந்தாவிட்டால் யூ-பூட் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும், அந்தச் சாதனத்துக்கென்று எழுதப்பட்ட மேக் முகவரி அதோடு போய்விடும்.

தரவுப் பகுதிகளில், புதிய டிரைவருக்கு மேலே உள்ள அடுக்கு அடையாள மதிப்பை இரு வரிசையிலும் ஏற்றுக்கொண்டு படிக்கட்டும். எழுதுவது புதிய வரிசையில் மட்டும் நடக்கட்டும். மொத்தமாக மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு பிளாக்கை அழிப்பதற்கு முன் மாற்றிய நகலைக் காலியான வேறு பிளாக்கில் எழுதி, சிஆர்சி பார்த்து, மாற்றம் எதுவரை வந்தது என்ற குறிப்பையும் ஃபிளாஷிலேயே பதியுங்கள். ஒரே பிளாக்கை இருமுறை திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும். நடுவில் மின்சாரம் போய் மீண்டும் தொடங்கும்போது குறிப்பு இல்லாவிட்டால் நடப்பது அதுதான். சிஆர்சியைச் சொற்களின் மீது கணக்கிடாமல் பைட்டுகளின் மீது, கோப்பின் வரிசையிலேயே கணக்கிட வேண்டும். சொற்களின் மீது கணக்கிட்டால், தவறாகத் திருப்பிய சொல்லைத் தவறாகத் திருப்பியே படிக்கும் நிரலுக்குக் கூட்டுத்தொகை சரியாகவே வரும்.